எழும்பி நின்ற பிறகும்: மஹ்மூத் அப்துர் ரஊபும் ஒரு தேசிய கீதமும்

1996 மார்ச் 15ஆம் திகதி இரவு. சிக்காகோ நகரின் கூடைப்பந்தாட்ட அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதம் தொடங்குகிறது. டென்வர் நகெட்ஸ் அணியின் வரிசையில் ஒரு வீரர் தலைகுனிந்து, இரு கைகளையும் முகத்தருகே ஏந்தி, துஆ ஓதிக்கொண்டு நிற்கிறார். அரங்கிலிருந்து அவரை நோக்கிக் கூச்சல் எழுகிறது.

அவர் பெயர் மஹ்மூத் அப்துர் ரஊப். முஹம்மத் அலியை அறிந்த அளவுக்கு நம்மவர்கள் இவரை அறியமாட்டார்கள். அறிந்த சிலரும் "தேசிய கீதத்துக்கு எழும்பாத முஸ்லிம் விளையாட்டு வீரர்" என்றுதான் சொல்வார்கள். அது பாதிக் கதை. எழும்பாததற்காக அவர் இழந்தது ஒரேயொரு போட்டி. அதற்குப் பிறகு எழும்பித்தான் நின்றார். பிரச்சினை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்பதையே இக்கட்டுரை பேச முனைகிறது.

கல்ஃப்போர்ட் சிறுவன்

1969 மார்ச் 9இல் மிஸிஸிப்பி மாநிலத்தின் கரையோர நகரமான கல்ஃப்போர்ட்டில் கிறிஸ் ஜாக்ஸன் என்ற பெயரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம், கடும் வறுமை. தகப்பன் உடனில்லை, தாய் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். சிறுவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கஷ்டம் இருந்தது. உடம்பு தன்பாட்டில் துடிக்கும், தொண்டை தன்பாட்டில் சத்தமிடும். செய்த காரியம் மனதுக்குச் சரியென்று படும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வரும். அது 'டூரெட்' என்னும் நரம்பியல் கோளாறு என்று மருத்துவர்கள் சொன்னபோது வயது பதினேழு. ஆனால் அந்தக் கஷ்டமே அவரை ஆட்டக்காரனாகவும் ஆக்கியது. பந்து வலையில் விழும் சத்தம் காதுக்குச் சரியாகக் கேட்கும்வரை மைதானத்தை விட்டுப் போகமாட்டார்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட மாணவனாகவே (1988-89) போட்டியொன்றுக்குச் சராசரியாக 30.2 புள்ளிகள் எடுத்தார். 1990இல் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ.யின் வீரர் தெரிவில் மூன்றாவது ஆளாக டென்வர் அணி அவரை எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகப் பயிற்றுநர் டேல் பிரவுண் வாசிக்கக் கொடுத்திருந்த மல்கம் எக்ஸின் சுயசரிதை அவருக்குள் ஒரு தேடலைக் கிளப்பிவிட்டிருந்தது. 1991இல் இஸ்லாத்தை ஏற்றார். 1993இல் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டார்.

ஆட்டமும் சோடை போகவில்லை. 1993-94 பருவத்தில், எவரும் மறிக்காமல் நின்றெறியும் 'ஃப்ரீ த்ரோ'க்கள் 229இல் 219ஐக் கூடைக்குள் போட்டார். 1996 பெப்ரவரி 4ஆம் திகதி மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ அணியை டென்வர் 105 - 99 என்று தோற்கடித்தபோது இவர் தனியாக 32 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தில் சிக்காகோ 82 போட்டிகளில் பத்தில் மட்டுமே தோற்ற அணி. இந்த வெற்றிக்கும், முதலில் சொன்ன சிக்காகோ இரவுக்கும் இடையே ஆறு வாரங்கூட இல்லை.

ஒரு கேள்வி, ஒரு விதி

அந்தப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே அப்துர் ரஊப் கீத நேரத்தில் உடைமாற்றும் அறையில் இருந்துகொள்வார், அல்லது எழும்பாமல் இருப்பார். அறிக்கை விடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. மாதக்கணக்கில் அது எவருக்கும் பெரிய விஷயமாகவும் படவில்லை. மார்ச் மாதத்தில் டென்வர் ஊடகங்கள் கேள்வி எழுப்பிய பிறகுதான் தன் காரணத்தைச் சொன்னார். அந்தக் கொடி தன்னைப் போன்றவர்களுக்கு ஒடுக்குமுறையின் அடையாளம்; இறைவனின் பக்கமும் அநியாயத்தின் பக்கமும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்பதே அதன் சாரம்.

நாடே கொதித்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகள் கண்டித்தன. கீத நேரத்தில் வீரர்கள் கண்ணியமாக வரிசையில் நிற்கவேண்டும் என்ற விதியைக் காட்டி, மார்ச் 12ஆம் திகதி என்.பி.ஏ. அவரை இடைநிறுத்தியது. தவறும் ஒவ்வொரு போட்டிக்கும் 31,707 டொலர் சம்பளம் வெட்டு. வீரர்களின் தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடசாலைப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 1943இலேயே தீர்ப்பளித்துவிட்டது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மார்க்கக் காரணம் சொல்லிக் கொண்டுவந்த வழக்கு அது. யுத்தத்தின் நடுவே, தேசப்பற்று கொழுந்துவிட்டெரிந்த காலத்திலேயே வந்த தீர்ப்பு. ஆனால் கருத்துரிமை பற்றிய அந்த அரசியலமைப்பு வாசகம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். சம்பளம் கொடுக்கும் தனியார் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஊழியரின் மார்க்க அனுஷ்டானத்துக்கு முதலாளி இயன்றளவு இடம்கொடுக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் சொல்கிறது. வழக்குப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது சோதிக்கப்படவே இல்லை. ஏனென்றால் இரண்டே நாளில் இணக்கம் வந்துவிட்டது: எழும்பி நிற்பார், ஆனால் நின்றபடி, துன்பப்படுவோருக்காக துஆச் செய்வார்.

முஸ்லிம்களுக்குள் நடந்த வாக்குவாதம்

"அவர் செய்தது சரியா பிழையா?" என்று அன்று அமெரிக்க முஸ்லிம்களும் கேட்டுக்கொண்டார்கள். ஒருமித்த பதில் இல்லை. ஹூஸ்டன் அணியின் புகழ்பெற்ற வீரர் ஹக்கீம் ஒலாஜுவொன் பேணுதலான முஸ்லிம். றமழானில் நோன்போடு போட்டிக்கு இறங்கியவர். வாழும் நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பதே மார்க்கம் கற்றுத்தருவது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கீதத்துக்கு நிற்பது வணக்கமல்ல, மரியாதைதான் என்று விளக்கியவர்களும் இருந்தார்கள்.

இந்த வாக்குவாதத்தை ஃபிக்ஹுப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிப்போகும். ஒலாஜுவொன் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். அமெரிக்காவை நாடி வந்து, உழைத்து, 1993இல் அதன் பிரஜையானவர். அந்த நாடு அவருக்கு வாசலைத் திறந்தது. அப்துர் ரஊபின் முன்னோரை அந்த நாடு அழைக்கவில்லை; விலங்கிட்டுக் கொண்டுவந்தது. அவர் பிறந்த மாநிலத்தின் கொடியில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் சின்னம் 2020 வரைக்கும் இருந்தது. கீதத்தின் வரிகளை 1814இல் எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்கொட் கீயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஒரே கலிமா, ஒரே தொழில், ஒரே கீதம். ஆனால் இருவர் காதிலும் அது ஒரேமாதிரிக் கேட்டிருக்க முடியாது. வந்து குடியேறிய முஸ்லிம்களுக்கும் கறுப்பின முஸ்லிம்களுக்கும் இடையே அமெரிக்காவில் இன்றுவரை இருக்கும் இடைவெளியின் ஒரு முகம் இது. உலமாக்களின் விளக்கம் தேவைதான். கேட்பவனின் வரலாறு தெரியாமல் கொடுக்கும் விளக்கம் அவனுடைய காயத்தைத் தொடாது.

அவரைப் பிழையற்றவராக்கிக் காட்டுவதும் நம் வேலையல்ல. அந்தக் கொடிக்காகப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அவருடைய வார்த்தைகள் சுட்டிருக்கும். முதலிலேயே துஆவோடு நின்றிருந்தால் அதே கருத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

நின்ற பிறகு

விதி கேட்டது அவருடைய உடம்பை மட்டுமே. அதை அவர் கொடுத்தார். கூட்டம் கேட்டதோ மனதை. டென்வரின் வானொலி நிலையமொன்றைச் சேர்ந்தவர்கள் அந்நகரப் பள்ளிவாசலுக்குள் புகுந்து தேசிய கீதத்தை ஊதி, அதை நேரடியாக ஒலிபரப்பினார்கள். கீதத்தின் கண்ணியம் பற்றிப் பேசியவர்களுக்கு அல்லாஹ்வின் வீட்டின் கண்ணியம் ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர்கள்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அந்தப் பருவத்தில் டென்வர் அணிக்காகச் சராசரி 19.2 புள்ளிகள் எடுத்த மனிதரை, ஜூன் மாதத்தில் அணி சக்ரமென்டோவுக்குக் கைமாற்றிவிட்டது. அங்கே முதல் பருவத்தில் 13.7 ஆகவும் அடுத்ததில் 7.3 ஆகவும் சராசரி இறங்கியது. ஆடக் கிடைத்த நேரமும் சுருங்கியது. 1998இல், 29 வயதில், என்.பி.ஏ.யில் இடமில்லாமல் துருக்கியின் ஃபெனர்பாச்சே கழகத்துக்குப் போனார். 2000-01இல் வன்கூவர் அணியில் கிடைத்த ஒரு பருவமே அவருடைய கடைசி என்.பி.ஏ. பருவம். பிறகு ரஷ்யா, இத்தாலி, கிரேக்கம், சவூதி அரேபியா, ஜப்பான் என்று நாற்பது வயது தாண்டியும் பந்தோடு அலைந்தார். 2001இல் மிஸிஸிப்பியில் அவருக்குச் சொந்தமான வீடு, ஆளில்லாத வேளையில் எரிந்து சாம்பலானது. அதற்கு முன்பே அதன் சுவரில் 'கு குளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தின் எழுத்துகள் பூசப்பட்டிருந்தன.

அவரைத் திட்டமிட்டு ஒதுக்கினார்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அணிகள் வீரரை எடுக்காமல் விடுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வரலாறு எழுதுபவருக்கு இதுதான் சங்கடம். இடைநிறுத்தத்துக்குத் திகதி உண்டு, தொகை உண்டு, விதியின் வாசகம் உண்டு. வராமல் போன தொலைபேசி அழைப்புக்கு ஆவணம் கிடையாது.

இருபது வருடம் கழித்து, 2016இல், அமெரிக்கக் காற்பந்து வீரர் கொலின் கேப்பர்னிக் கறுப்பினத்தவர் மீதான பொலிஸ் வன்முறையைக் கண்டித்துக் கீத நேரத்தில் முழந்தாளிட்டபோதுதான் பலருக்கு அப்துர் ரஊபின் ஞாபகம் வந்தது. 2020இல் அவர் படித்த பல்கலைக்கழகம் அவரணிந்த 35ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று கௌரவித்தது. 2022இல் அவருடைய சுயசரிதையை வெளியிட்டது கேப்பர்னிக்கின் பதிப்பகமே. கௌரவம் வந்தது, ஆனால் இருபத்தொன்பது வயதின் கால்கள் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பெரியவராவது, "நமக்கேன் இந்த வேலை, எழும்பி நிண்டுட்டுப் போயிருக்கலாமே" என்று சொல்வதுண்டு. சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவரின் அக்கறை அது. அதைப் பரிகசிக்க முடியாது. அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு செய்திதான் இருக்கிறது. அவர் எழும்பித்தான் நின்றார், ஹாஜியார். கைகளை ஏந்தி நின்றார். அதற்கும் கூச்சலிட்டார்கள்.