நகரத் தந்தையரும் பந்தாடும் பிள்ளைகளும்



ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் துறைமுகத்தையும் கடைவீதியையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகரத்துப் பிள்ளைகள் மாலை வேளையில் எங்கே விளையாடினார்கள் என்று எழுதுவோர் அரியர். ஆயினும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அந்நகரை ஆண்டவர்கள் யாரைத் தம் பிள்ளைகளாகக் கருதினார்கள், யாரை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது தெளிவாகப் புலப்படும். மேயரை நாம் நகரத் தந்தை என்று அழைக்கிறோம் அல்லவா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்தத் தந்தையரும் ஊர்ப் பெரியவர்களும் பேஸ்பால், சாப்ட்பால் என்னும் இரு ஆட்டங்களைச் சிறுவர் சிறுமியரிடையே வளர்த்த கதையை இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டொரு சொல். பேஸ்பாலில் ஒருவன் பந்தைத் தரையில் படாமல் நேரே எறிவான். மற்றவன் உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு ஓடுவான். சாய்சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம். சாப்ட்பால் இதன் தங்கை. பந்து பெரியது, மைதானம் சிறியது, பந்தைக் கைக்குக் கீழாக வீசவேண்டும். பெயரில்தான் மென்மை உண்டு, பந்து மென்மையானதன்று. பள்ளியில் அந்தப் பந்தைப் பிடித்து விரல் வீங்கிய பிள்ளைகளுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தங்கை பிறந்த விதம் வேடிக்கையானது. 1887ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிகாகோ நகரில் ஃபாரகட் படகுக் கழகத்தின் கூடத்தில் இளைஞர் சிலர், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் கால்பந்து ஆட்ட முடிவைத் தந்தி வழியே எதிர்பார்த்துக் காத்திருந்தனர். முடிவு வந்த களிப்பில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதைக் கோலால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதையே ஓர் ஆட்டமாக வகுத்துவிட்டார். கூடத்துக்குள் ஆடிய அவ்வாட்டம் பின்னர் வெளியே வந்து, நெரிசல் மிகுந்த நகரங்களின் சிறு திடல்களுக்கு மிகவும் ஏற்றதாயிற்று. சாப்ட்பால் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 1926இல்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் போன்ற நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தெருவே மைதானம். தெருவில் பந்தாடியதற்காகக் காவலர்கள் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. விளையாடுவது குற்றமாகிவிட்ட ஊரில் விளையாட இடம் கொடுப்பது ஆட்சியாளரின் கடமை என்ற எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது. 1906இல் அமெரிக்க விளையாட்டிடச் சங்கம் தோன்றியது. பின்னர் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது நகராட்சிகள் திவாலாகும் நிலைக்கு வந்தன. 1932இல் டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி மற்ற நகரங்களின் மேயர்களைக் கூட்டி, மத்திய அரசின் உதவியை நாடினார். அதிலிருந்து பிறந்ததே அமெரிக்க மேயர்கள் மாநாடு என்னும் அமைப்பு. 1935 முதல் 1945 வரை அதன் தலைவராக விளங்கியவர் நியூயார்க் மேயர் லா கார்டியா. வேலையற்றோருக்கு வேலை தரும் திட்டத்தின் பணம் அவர் நகருக்கு ஏராளமாக வந்தது. பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் விளையாட்டிடங்களை மளமளவென்று கட்டினார். ஆனால் மோசஸின் வரலாற்றை 1974இல் எழுதி வெளியிட்ட ராபர்ட் காரோ ஒரு கணக்குச் சொல்லுகிறார்: 1930களில் கட்டிய 255 விளையாட்டிடங்களுள் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. இந்த 255ஐயும் 1ஐயும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் கதைகளுக்கு இவை முன்னுரை.

நியூயார்க்கைப் போன்ற பெருநகரமன்று வில்லியம்ஸ்போர்ட். பென்சில்வேனியா மாநிலத்தில் மரத் தொழிலால் வாழ்ந்த ஊர். அங்கே கார்ல் ஸ்டாட்ஸ் என்னும் சாதாரண ஊழியர் ஒருவர் தம் உறவுச் சிறுவர்கள் இருவரோடு முற்றத்தில் பந்தாடுவது வழக்கம். பெரியவர்களுக்கு அளந்த மைதானத்தில் சிறுவர்கள் திணறுவதை அவர் கண்டார். பிள்ளைகளை ஓடவைத்து, பந்தெறியச் செய்து, தளங்களுக்கு இடையே எத்தனை அடி இருந்தால் ஆட்டம் சரியாக அமையும் என்று பொறுமையாகச் சோதித்தார். 60 அடி என்று முடிவாயிற்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு, பாடத்தைப் பிள்ளையின் அளவுக்கு வெட்டித் தைக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லித் தந்தார்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் போகாமல் ஸ்டாட்ஸ் அதையே செய்தார் என்பது எனக்கு வியப்பு.

சட்டையும் தொப்பியும் வாங்கப் பணம் வேண்டுமே! ஊர் வணிகர்களின் வாயில்தோறும் அவர் ஏறி இறங்கினார். பலர் கையை விரித்தனர். இறுதியில் ஒரு பால் பண்ணை, ஒரு மரக் கம்பெனி, ஒரு தின்பண்டக் கம்பெனி ஆகிய மூன்றும் ஒவ்வொரு குழுவை ஏற்றுக்கொண்டன. 1939 ஜூன் 6ஆம் நாள் முதல் ஆட்டம் நடந்தது. மரக் கம்பெனிக் குழு 23 ஓட்டம், பால் பண்ணைக் குழு 8 ஓட்டம். லிட்டில் லீக் என்று பின்னர் உலகமெங்கும் பரவிய அமைப்பு இப்படித்தான் தொடங்கியது. அது பெரிய நிறுவனமாக வளர்ந்தபோது அதன் போக்கு ஸ்டாட்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1955இல் அவர் அதனோடு பூசலிட்டு விலகிவிட்டார்.

அதே 1955இல்தான் சார்ல்ஸ்டன் நிகழ்ச்சியும் நடந்தது. தென் கரோலினா மாநிலத்தில் உள்ள அத்துறைமுக நகரில், கானன் தெரு ஒய்.எம்.சி.ஏ. என்பது கறுப்பினத்தார் நடத்திவந்த கழகம். அதன் தலைவர் ராபர்ட் மாரிசன் முதலிய பெரியவர்கள் 1953இல் தம் பிள்ளைகளுக்காக ஒரு லீக்கை அமைத்து, தலைமை நிலையத்தில் முறைப்படி பதிவு செய்தார்கள். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்திருந்தது. மறு ஆண்டு கானன் தெருவின் தேர்ந்த சிறுவர்கள், 11, 12 வயதுப் பிள்ளைகள், போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். சட்டப்படி அவர்களைத் தடுக்க வழியில்லை. எனவே வெள்ளையர் குழுக்கள் வேறொரு வழி கண்டுபிடித்தன: விலகிக்கொண்டன. நகரப் போட்டியில் எதிராளி இல்லை. மாநிலப் போட்டியிலும் எதிராளி இல்லை. மாநிலத்திலிருந்த 61 வெள்ளை லீக்குகளும் வெளியேறிவிட்டன. லிட்டில் லீக்கின் மாநில இயக்குநரே பதவியைத் துறந்து, வெள்ளைச் சிறுவர்களுக்கென்று தனி அமைப்பொன்றைத் தோற்றுவித்தார்.

ஒரு பந்தும் எறியாமல் கானன் தெருப் பிள்ளைகள் மாநில வெற்றியாளர் ஆனார்கள். ஆனால் அதுவே அவர்களுக்கு வினையாக முடிந்தது. மைதானத்தில் ஆடி வெல்லாதவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது என்பது விதி. லிட்டில் லீக்கின் தலைவர் பீட்டர் மெக்கவர்ன் இனப்பிரிவினைக்கு இடங்கொடுக்க மறுத்தவர்தான். ஆயினும் இந்த விதியைத் தளர்த்த அவர் உடன்படவில்லை. மாறாக, உலகத் தொடரைக் காண வாருங்கள் என்று பிள்ளைகளை விருந்தினராக அழைத்தார். பேருந்திலேறி நெடுந்தூரம் சென்று அவர்கள் வில்லியம்ஸ்போர்ட் அடைந்தார்கள். மைதானத்தில் சற்று நேரம் பந்து பிடித்துப் பழகினார்கள். அவர்களை ஆட விடுங்கள், அவர்களை ஆட விடுங்கள் என்று கூட்டம் ஆரவாரித்தது. விடவில்லை. பிள்ளைகள் படிக்கட்டில் அமர்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த ஆகஸ்டு 28ஆம் நாள்தான் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர் கொன்றனர்.

விதிகளை மதிக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பள்ளியில் சொல்லி வந்தவன் நான். ஆனாலும் மெக்கவர்ன் கடைப்பிடித்த விதி, ஆட மறுத்தவனுக்குத் தண்டனை தராமல், ஆட வந்தவனுக்குத் தண்டனை தந்தது. 2002இல்தான் லிட்டில் லீக் அவர்களை வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்து, 1955இன் தென் கரோலினா வெற்றியாளர் என்று ஏற்றுக் கௌரவித்தது. அப்போது அந்தச் சிறுவர்களுக்கு ஏறக்குறைய அறுபது வயது.

சிறுமியரின் கதை ஹோபோக்கனில் நிகழ்ந்தது. நியூயார்க்குக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் உள்ள நியூஜெர்சி ஊர் அது. 1846 ஜூன் 19ஆம் நாள் எழுத்து விதிகளின்படி நடந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்று அங்கேதான் ஆடப்பெற்றது; ஆகையால் அவ்வூரார் தம் ஊரையே ஆட்டத்தின் பிறப்பிடம் என்று பெருமை பேசுவர். அந்த ஊரில் 1972இல் மரியா பெப்பி என்ற சிறுமி, பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபரீனாவின் குழுவில் சேர்ந்து மூன்று ஆட்டங்கள் ஆடினாள். எதிர்க் குழுவினரின் பெற்றோர் முறையிட்டனர். அவளை நீக்காவிட்டால் ஹோபோக்கன் லீக்கின் அங்கீகாரமே பறிபோகும் என்று தலைமை நிலையம் எச்சரித்தது. ஒரு சிறுமிக்காக ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் ஆட்டத்தை இழப்பதா? பெப்பி சீருடையைத் திருப்பித் தந்தாள். 

தேசியப் பெண்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. பெண் குழந்தைகளின் எலும்பு வலுக்குறைந்தது என்றுகூட லிட்டில் லீக்கின் தரப்பில் வாதிட்டனர். 1973 நவம்பரில், நியூஜெர்சி குடியுரிமைப் பிரிவின் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் அவ்வாதங்களைத் தள்ளினார். நாட்டின் வாழ்வோடு கலந்துவிட்ட ஒன்றைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் மறுக்கக் காரணம் இல்லை என்றார். அதைப் பொறாமல் பல ஊர்களில் ஆட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். மேல் நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. 1964இல் காங்கிரசு வழங்கிய சாசனத்தில் இருந்த ‘சிறுவர்கள்’ என்னும் சொல்லை மாற்றும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு 1974 டிசம்பரில் கையெழுத்திட்டார். அதற்குள் பெப்பிக்கு வயது கடந்துவிட்டது. அவள் திறந்த வாயிலில் அவளே நுழைய முடியவில்லை. அதே 1974இல் லிட்டில் லீக், சிறுமியருக்கென்று சாப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. அது நல்ல ஆட்டம். பல்லாயிரம் சிறுமியர் அதனால் பயன் பெற்றனர். எனினும், உங்களுக்குத்தான் அது இருக்கிறதே என்று சொல்லிப் பெண்களை பேஸ்பாலிலிருந்து மெல்ல நகர்த்தவும் அது பயன்பட்டது என்பது என் கருத்து.

சட்டத் தடைகள் நீங்கிய பின் வேறொரு தடை வளர்ந்தது. அது பணம். கையுறை, மட்டை, பயிற்சிக் கட்டணம், வெளியூர்ப் போட்டிகளுக்குப் பயணம் என்று செலவு ஏறியது. நகரின் உட்பகுதித் திடல்கள் கவனிப்பாரற்றுப் போயின. நான் பணியாற்றிய ஊர்களுள் ஒன்றில், மைதானத்தின் ஓரத்தைக் கட்டடத்துக்குத் தாருங்கள் என்று கேட்டு வந்தவர்கள், இங்கே யார் விளையாடுகிறார்கள் என்று என்னைக் கேட்டார்கள். புல் வெட்டாமல் விட்டால் யார் விளையாடுவார்கள்? எங்கும் கதை ஒன்றுதான். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் கறுப்பின அமெரிக்கர் 1981இல் ஏறத்தாழ 18.7 விழுக்காடு இருந்தனர். 2024இல் 6 விழுக்காடு. 1989இல் ஜான் யங் என்ற முன்னாள் ஆட்டக்காரர் லாஸ் ஏஞ்சல்ஸின் தென்பகுதியில், நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தை மீட்டுத் தரும் திட்டமொன்றைத் தொடங்கினார். 2015இல் பெரிய லீக் நிருவாகமும் மேயர்கள் மாநாடும் கைகோத்து, ஆடத் தொடங்குங்கள் என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தின. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களின் மேயர்கள் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளோடு பந்தாடினார்கள். குழுக்களாகப் பிரிந்து ஆடும் முறையான ஆட்டம் மட்டுமன்றி, ஒரு பந்தும் ஒரு மட்டையும் கிடைத்தால் போதும் என்ற எளிய ஆட்டங்களையும் ஊக்குவித்தார்கள். 2014 முதல் 2015 வரை அம்மாநாட்டின் தலைவராக இருந்த சாக்ரமெண்டோ மேயர் கெவின் ஜான்சன் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். இளமையில் ஓக்லாந்து பேஸ்பால் குழுவாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

மேயர் ஒருவர் ஒரு நாள் வந்து பந்தெறிந்து படம் எடுத்துக்கொள்வதால் மட்டும் மைதானம் விளைந்துவிடாது. ஆண்டுதோறும் வரிப்பணத்தில் ஒரு பகுதி அங்கே போகவேண்டும். இதற்குச் சான்று பிலடெல்பியாவில் இருக்கிறது. அந்நகராட்சி நடத்தும் பொழுதுபோக்கு நிலையங்களுள் ஒன்றுக்கு, அவ்வூரில் பிறந்த கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கம் இனத்தைக் காட்டி இடம் மறுக்க, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று 75,000 பேர் முன்னிலையில் பாடியவர் அவர். அது நடந்ததும் 1939இல்தான். அந்த நிலையத்தில் பயின்ற மோனே டேவிஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, 2014 ஆகஸ்டில் வில்லியம்ஸ்போர்ட் உலகத் தொடரில் பந்தெறிந்து, நாஷ்வில் குழுவை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் தடுத்தாள். அத்தொடரில் ஒரு சிறுமி அவ்வாறு வென்றது அதுவே முதன்முறை. மேயர் மைக்கேல் நட்டர் குழுவினருக்கு நகர வீதிகளில் ஊர்வலம் எடுத்தார். மறு ஆண்டுக் கோடையில் அந்த நிலையத்துச் சிறுவர்களும் மோனேயும் 1947ஆம் ஆண்டில் செய்த பழைய பேருந்தொன்றில் ஏறி, குடியுரிமைப் போராட்டம் நடந்த தெற்கத்திய ஊர்கள் வழியே, ஆங்காங்கே பந்தாடிக்கொண்டு, மூன்று வாரத்துக்கு மேல் பயணம் செய்தார்கள். அந்தப் பேருந்தில் குளிர்சாதன வசதி கிடையாது.