எண்ணெய், வினிகர், எண்ணம்: சமையலறை மாந்திரீகத்தின் வரலாறு

மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு வினிகர், சிறிது உப்பு, சிறிது கடுகு விழுது. பச்சை இலைகளின்மேல் ஊற்றிப் புரட்டுவதற்கான இந்தக் கலவையைப் பிரெஞ்சு மொழியில் வினிகிரெட் என்பார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘சமையலறை மாந்திரீகம்’ என்ற பெயரில் கடந்த சில பத்தாண்டுகளாகப் பரவியுள்ள வழக்கத்தில் இதே கலவை மற்றொரு பணியையும் ஏற்றிருக்கிறது. செல்வம் வேண்டுவோர் அதில் பேசில் இலையைச் சேர்க்கிறார்கள். காப்பு வேண்டுவோர் ரோஸ்மேரியையும் பூண்டையும் சேர்க்கிறார்கள். அன்பு வேண்டுவோர் தைம் இலையை நாடுகிறார்கள். கடிகாரம் சுற்றும் திசையில் கலக்கியபடியே வேண்டுவதை மனத்தில் நிறுத்த வேண்டும் என்பது விதி. அப்படி நிறுத்தப்படுவதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘நோக்கம்’.

இத்தகைய செய்முறைகளோடு பெரும்பாலும் ஒரு வரலாற்றுக் கூற்றும் சேர்ந்தே வரும். இது தொன்மையான பெண்வழி அறிவு என்றும், இதை வைத்திருந்ததற்காகவே ஐரோப்பாவில் பெண்கள் எரிக்கப்பட்டனர் என்றும் அக்கூற்று சொல்லும். இதில் உண்மை எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மூலிகைப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. எரிக்கப்பட்ட பெண்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது அண்மைக்காலத்தில்தான்.

முதலில் வினிகரை எடுத்துக்கொள்வோம். ‘வினிகிரெட்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழம்பொருளும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் செல்வர் வீட்டுப் பெண்கள் கையோடு வைத்திருந்த சின்னஞ்சிறு வெள்ளிப் பேழைக்கும் அதுவே பெயர். துளையிட்ட உள்மூடிக்குக் கீழே, மணமூட்டிய வினிகரில் நனைத்த பஞ்சுத் துண்டு இருக்கும். தெருவின் துர்நாற்றம் தாக்கும்போது அதைத் திறந்து முகர்வார்கள். கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம் அது. வினிகரின் காரமான நெடி அக்காற்றை முறிக்கும் என்பது மருத்துவர்களும் ஏற்றிருந்த கருத்து. 1665–66இல் கொள்ளைநோய் கண்ட ஈயம் என்னும் ஆங்கிலேயக் கிராமத்தின் மக்கள், வெளியூரார் எல்லையில் வைத்துச் சென்ற பொருள்களுக்கான காசுகளை வினிகர் நிரப்பிய கற்குழிகளில் இட்டுவைத்தார்கள் என்று அவ்வூர் மரபு கூறுகிறது.

இவ்வரிசையில் புகழ்பெற்றது ‘நான்கு திருடர் வினிகர்’. கொள்ளைநோயில் மாண்டவர்களின் வீடுகளில் புகுந்து திருடிய நால்வர், நோய் தொற்றாமல் தப்பிய இரகசியத்தைச் சொல்லி உயிர்ப்பிச்சை பெற்றார்கள் என்பது கதை. அது 1720இல் மார்சேய் நகரில் நடந்தது என்பார் சிலர். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் துலூஸ் நகரில் நடந்தது என்பார் வேறு சிலர். கதை எப்படியிருப்பினும், ரோஸ்மேரி, சேஜ், அருவதா, லாவண்டர், பூண்டு, கிராம்பு, கற்பூரம் முதலியவற்றை வினிகரில் ஊறவைத்த அந்த மருந்து 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருந்து நூல்களில் இடம்பெற்றது. பின்னர் அது அட்லாண்டிக்கைக் கடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹூடூ மரபை ஆராய்ந்த சோரா நீல் ஹர்ஸ்டன், 1935இல் வெளியான ‘மியூல்ஸ் அண்ட் மென்’ நூலில் மந்திரச் சாதனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார். அங்கே அதன் பயன் குடும்பங்களைப் பிரிப்பதும் வேண்டாதவரை விரட்டுவதும் ஆகும். நோயை விலக்க வந்த பொருள் மனிதரை விலக்கவும் பயன்பட்டது. ஒரு பொருளின் ‘ஆற்றல்’ அதற்குள்ளேயே நிலையாக உறைவதில்லை. பயன்படுத்துவோரின் வாழ்நிலையோடு அதுவும் மாறுகிறது.

இனி இலைகள். ஜான் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட ‘அசெட்டாரியா’ ஆங்கிலத்தில் சாலட் பற்றி மட்டுமே எழுதப்பட்ட தொடக்ககால நூல்களில் ஒன்று. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ என்ற அளவு அதிலேயே காணப்படுகிறது. கடுகும் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவும் சேர்க்கச் சொல்கிறார். அவர் இலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படை வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் நான்கு குணங்கள். லெட்யூஸ் உடற்சூட்டைத் தணித்து உறக்கம் தரும். காரமான இலைகள் அக்குளிர்ச்சியை ஈடுசெய்யும். பூண்டு அதன் கடுநாற்றத்துக்காகச் சாலட்டிலிருந்து விலக்கப்பட வேண்டும். கேலன் காலம் முதல் வந்த உடற்கூற்றுக் கொள்கை இது. சூடு, குளிர்ச்சி பார்த்து உண்ணும் வழக்கமுள்ள இந்திய வாசகர்களுக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஈவ்லினின் சாலட்டில் மந்திரமும் இல்லை. உண்பவரின் உடலே அங்கு அளவுகோல்.

மூலிகைகளைக் கோள்களோடு இணைத்து ஆங்கிலேயப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் நிக்கலஸ் கல்பெப்பர் (1616–1654). இலண்டன் மருத்துவர் கழகம் இலத்தீனில் காத்துவந்த மருந்து நூலை 1649இல் ஆங்கிலத்தில் பெயர்த்து அதன் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். 1652இல் அவர் வெளியிட்ட ‘தி இங்கிலிஷ் ஃபிசிஷன்’ ஏழைகள் தம் ஊர்ப்புறச் செடிகளைக் கொண்டே தமக்கு மருத்துவம் செய்துகொள்ள வழிகாட்டியது. ஒவ்வொரு செடிக்கும் அதில் ஓர் ஆளும் கோள் உண்டு. ரோஸ்மேரி சூரியனுக்கு உரியது, சேஜ் வியாழனுக்கு, தைம் வெள்ளிக்கு, பூண்டும் பேசிலும் செவ்வாய்க்கு, லெட்யூஸ் நிலவுக்கு. கோள் உடலுறுப்பை ஆள்கிறது, செடி கோளின் குணத்தைப் பெறுகிறது, ஆகவே செடி உறுப்பின் நோயைத் தீர்க்கிறது என்பது அவரது தருக்கம். இன்று அது பிழையான அறிவியல். ஆயினும் அது மருத்துவமாகவே எழுதப்பட்டது.

1985இல் ஸ்காட் கன்னிங்ஹாம் (1956–1993) வெளியிட்ட மந்திர மூலிகைக் கலைக்களஞ்சியத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். சமையலறை மாந்திரீக எழுத்துகள் பலவற்றுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊற்றாக இருப்பது அந்நூல். ரோஸ்மேரி: சூரியன். சேஜ்: வியாழன். தைம்: வெள்ளி. பூண்டும் பேசிலும்: செவ்வாய். லெட்யூஸ்: நிலவு. முந்நூறாண்டுகளுக்குப் பின்னும் கோள்கள் இடம்பெயரவில்லை. வாய்வழி மரபு ஒவ்வொரு வாயிலும் வேறுபடும் இயல்புடையது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இத்துணைத் துல்லியமான ஒற்றுமை அச்சுப் புத்தகத்தின் அடையாளம். பாட்டியின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பட்டியல் பெரும்பகுதி அச்சகத்தின் வழியே வந்திருக்கிறது. அதன் பின்னணியில் அக்ரிப்பா 1533இல் முழுமையாக வெளியிட்ட மறைமெய்யியல் நூலின் அட்டவணைகளும், அலெய்ஸ்டர் குரோலி 1909இல் ‘777’ என்ற பெயரில் வெளியிட்ட ஒப்புமைப் பட்டியல்களும் நிற்கின்றன. இவர்கள் அனைவரும் நூலறிவு பெற்ற ஆண்கள் என்பதையும் மறக்கலாகாது.

கோள் மாறவில்லை, பயன் மாறிவிட்டது. பேசில் இதற்கு நல்ல சான்று. தமிழில் திருநீற்றுப்பச்சிலை எனப்படும் செடியே அது. துளசி அதன் உறவுச்செடி. கல்பெப்பருக்கு பேசில்மீது நம்பிக்கை இல்லை. பழைய ஆசிரியர்கள் அதைப் பற்றி முரண்படுவதை எடுத்துக்காட்டுகிறார். தேளோடும் நஞ்சோடும் அதற்குள்ள தொடர்பைச் சொல்கிறார். நஞ்சுக்குப் பகையான அருவதா அதன் அருகே வளராது என்கிறார். இதற்குமேல் எழுதத் துணிவில்லை என்று முடிக்கிறார். கன்னிங்ஹாமிடம் அதே செடி காதலும் செல்வமும் காப்பும் தருவதாகிறது. தேள் மறைந்து காசு வந்தது. ‘இந்த உடலுக்கு இது என்ன செய்யும்?’ என்ற மருத்துவக் கேள்வியின் இடத்தில் ‘எனக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்வி அமர்ந்தது. இந்த இரண்டாவது கேள்வியின் வேர்கள் அண்மையவை. எண்ணமே புறவுலகை உருவாக்குகிறது என்று கற்பித்த 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் ‘நியூ தாட்’ இயக்கம் ஒரு வேர். மாந்திரீகத்தை மனித விருப்புறுதிக்கேற்ப மாற்றம் நிகழ்த்தும் கலை என்று வரையறுத்த குரோலி மற்றொரு வேர்.

அடுத்து எரிக்கப்பட்ட பெண்களைப் பற்றிய கூற்று. ஐரோப்பாவில் தொண்ணூறு இலட்சம் பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லும் எண், ஜெர்மானியரான வோய்க்ட் 1784இல் ஒரு சிறு வட்டாரத்தின் ஆவணங்களிலிருந்து பெருக்கிக் கணக்கிட்டதன் வழி வந்தது. அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் 1893இல் அதைத் தம் நூலில் எடுத்தாண்டார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு 40,000 முதல் 60,000 வரை. இங்கிலாந்தில் இக்குற்றத்துக்கான தண்டனையும் தூக்கே, எரிப்பு அல்ல. கொல்லப்பட்டோர் மூலிகை அறிந்த மருத்துவச்சிகள் என்ற கருத்தை 1973இல் பார்பரா எரன்ரைக், டெய்ட்ரெ இங்கிலிஷ் இருவரும் எழுதிய சிறுநூல் பரவலாக்கியது. டேவிட் ஹார்லி 1990இல் இதை மறுத்து, மருத்துவச்சிகள் குற்றம் சாட்டப்பட்டது அரிது என்று காட்டினார்.

எண்ணிக்கை குறைந்ததால் கொடுமை குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பெண்கள் எதற்காகக் கொல்லப்பட்டனர் என்பதைச் சரியாக அறிவது அவர்களுக்குச் செய்யும் கடமை. வழக்குகளில் சமையலறை உண்மையிலேயே இடம்பெறுகிறது. ஆனால் வேறு விதமாக. வெண்ணெய் திரளவில்லை, மாடு பால் மறுத்தது, பீர் கெட்டது, குழந்தை உண்ண மறுத்து மெலிந்தது: இவையே குற்றச்சாட்டுகள். ஜெர்மானிய வழக்குகளை ஆராய்ந்த லின்டல் ரோப்பர், ஆக்ஸ்பர்க் நகரில் பேறுகாலத்தில் தாய்க்கும் சேய்க்கும் உணவு சமைத்துத் தந்த முதிய பணிப்பெண்கள்மீது அந்தத் தாய்மாரே பழி சுமத்தியதை எடுத்துக்காட்டுகிறார். கஞ்சி கொடுத்த கையில் கெட்ட எண்ணம் இருந்தது என்று பிறர் முடிவு செய்தார்கள். அந்த எண்ணத்தை ஒப்புக்கொள்ளும்வரை சித்திரவதை நடந்தது. மந்திர மூலிகை கொண்டு சமைத்தார்கள் என்பதற்காக அவர்கள் இறக்கவில்லை. எப்போதும்போலச் சமைத்துத் தந்ததற்குள் மந்திரம் கற்பிக்கப்பட்டதால் இறந்தார்கள்.

ஆகவே ‘நோக்கம்’ என்ற சொல்லின் பயணமே இவ்வரலாற்றின் மையம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது பிறர் சுமத்துவது, சுமந்தவர் உயிரிழந்தார். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தை மெய்யான குற்றமாகக் கருதுவதைக் கைவிட்டு, மந்திர ஆற்றல் இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியது. அச்சட்டமும் 1951இல் நீக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் ஜெரால்ட் கார்ட்னர் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ நூலை வெளியிட, விக்கா என்னும் புதுச் சமயம் வெளிப்பட்டது. அப்போதுதான் ‘விட்ச்’ என்பது ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளத்தக்க பெயராயிற்று. சாலட் கிண்ணத்தின்முன் நின்று தன் நோக்கத்தைத் தானே அறிவிக்கும் பெண், அதற்காக எவருக்கும் அஞ்ச வேண்டாத ஓர் உலகில் நிற்கிறாள். பழைமையின் தொடர்ச்சியாக அவள் கருதும் செயல், பழைமை முறிந்ததால் கிடைத்த விடுதலை. சலிப்பூட்டும் அன்றாடச் சமையலுக்குப் பொருளும் மதிப்பும் தேடும் அவளது முயற்சியை இழித்துப் பேச வேண்டியதில்லை. அதற்குத் தொன்மைச் சான்றிதழ் தேவையும் இல்லை.

அந்த முறிவு எங்கும் நிகழ்ந்துவிடவில்லை. ‘கிச்சன் விட்ச்’ என்பதை இந்திய மொழிகளில் பெயர்க்கும்போது இது புலப்படும். பீகார் 1999இல், ஜார்கண்ட் 2001இல், சத்தீஸ்கர் 2005இல், ஒடிசா 2013இல், ராஜஸ்தானும் அசாமும் 2015இல் சூனியப் பழி சுமத்துவதற்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கொலைக்கான காரணங்களுள் சூனியம் இன்றும் தனித் தலைப்பாகவே இருக்கிறது. ‘டைன்’, ‘டோனஹி’ என்று அழைக்கப்படும் பெண், பெரும்பாலும் தனித்து வாழ்பவள், கைம்பெண், அல்லது சிறிது நிலம் உடையவள். அவள் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்பதை எவரும் கேட்பதில்லை. அவள் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை ஊர் முடிவு செய்துவிடுகிறது.

சமையலறை மாந்திரீகத்தை ஆராய விரும்பும் மாணவர்கள் எந்த இலைக்கு எந்த ஆற்றல் என்ற பட்டியலோடு நின்றுவிடாமல், ஒரு பெண்ணின் கையிலுள்ள உணவுக்கு நோக்கம் கற்பிக்கும் உரிமை எந்தக் காலத்தில், எந்த ஊரில், யாரிடம் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். அந்த உரிமை அவளிடமே இருக்கும் இடத்தில் வினிகரும் எண்ணெயும் வெறும் விருப்பத்தோடு கலக்கின்றன. அது பிறரிடம் இருக்கும் இடத்தில் ஒரு குவளைக் கஞ்சியும் அவள்மீது சாட்சி சொல்லும்.