திருத்துதல்: சொல்லும் பொருளும்

திருந்து, திருத்து என்பவை உடன்பிறந்த வினைச்சொற்கள். திருந்துகிறவர் தாமே மாறுகிறார். திருத்துகிறவர் மற்றொன்றை மாற்றுகிறார். காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்துகிறது. நிலமும் தாளும் சட்டமும் அப்படியே இருக்க, அவற்றில் உள்ள குறை களையப்படுகிறது. (திருத்துவதும் திரிப்பதும் ஒன்றல்ல, எழுதும்போது கவனம் தேவை.)

திருச்சபைச் சட்டத்திலும் இச்சொல்லுக்கு எல்லை உண்டு. 1983ம் ஆண்டின் சட்டத்தொகுப்பு, 1917ம் ஆண்டின் தொகுப்பைத் திருத்தவில்லை, நீக்கியது. அதன் 6ம் எண் இதைத் தெளிவாகவே கூறுகிறது. திருத்தம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 230ம் எண்.

அதன் முதல் பத்தி, வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளில் திருவழிபாட்டுச் சடங்கின் வழியாக நிலையாக ஏற்படுத்தப்படும் வாய்ப்பைப் பொதுநிலை ஆண்களுக்கு மட்டுமே அளித்திருந்தது. அப்படியானால் பெண்கள் வாசிக்கவில்லையா? வாசித்தார்கள். நம் பங்குகளில் ஞாயிறுதோறும் வாசகமேடையில் நிற்கும் சகோதரிகள் எத்தனை பேர்! ஆனால் சட்டத்தின் பார்வையில் அது, இரண்டாம் பத்தி அனுமதித்த தற்காலிகப் பணி. 2021 ஜனவரி 10, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று, திருத்தந்தை பிரான்சிஸ் தன் விருப்ப மடல் வழியாக அந்த இலத்தீன் பத்தியிலிருந்து 'ஆண்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டார். இப்பணிகளுக்கு அடிப்படை திருமுழுக்கே என்பதை அம்மடல் எடுத்துரைத்தது. குருத்துவத் திருநிலைப்பாடு பற்றிய சட்டம் எதையும் அது தொடவில்லை. 2022 ஜனவரி 23, இறைவார்த்தை ஞாயிறன்று, புனித பேதுரு பேராலயத்தில் பெண்களும் வாசகர்களாக ஏற்படுத்தப்பட்டனர். ஒரு சொல் போனதால் வந்த மாற்றம் இது.

எனவே, 'புதிய சட்டம் வந்துவிட்டது' என்று இதைப் பற்றி எழுதுவது பொருந்தாது. 'சட்டம் திருத்தப்பட்டது' என்பதே சரி.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2267ம் எண் சற்றுச் சிக்கலானது. மரண தண்டனையை மிக அரிதான சூழலில் ஏற்ற அப்பகுதி, அத்தண்டனை ஏற்கத்தகாதது என்று 2018 ஆகஸ்டில் திருத்தி எழுதப்பட்டது. இது போதனையையே மாற்றுவதாகும் என்றனர் சிலர். போதனையின் வளர்ச்சி என்று விளக்கியது வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம். தூக்குத்தண்டனை இன்னும் சட்டத்தில் உள்ள நம் நாட்டில், அந்த எண்ணின் பழைய வாசகத்தையே மேற்கோள் காட்டுவோரை நாம் இன்றும் சந்திக்கிறோம்.