சுவரை ஒட்டுக்கேட்பவன்

பயோ-மேத்ஸ் படித்துவிட்டு இன்ஜினியரிங் போனவர்களில் நானும் ஒருவன். தாவரவியலில் எனக்கு மிஞ்சியது ஒரே வரி: செல் சுவர் உயிரற்றது. உயிரெல்லாம் உள்ளே, சுவர் வெறும் பெட்டி. மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. அதற்குப் பிறகு நான் ஏன் என்று கேட்கவேயில்லை.

'செல்' என்ற பெயரே சுவரைப் பார்த்து வைத்ததுதான். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல் குட்டி அறைகள் என்று கணக்குப் போட்டார். செத்த தக்கை அது. உள்ளே ஒன்றுமில்லை, சுவர் மட்டும்தான் மிச்சம். பின்னால் வந்தவர்கள் உள்ளே உயிரைக் கண்டதும் சுவர் ஓரங்கட்டப்பட்டது.

அந்தச் சுவர் பேசுகிறது என்பதற்கான சாட்சிகளில் எனக்குப் பிடித்தது பிரான்ஸின் வெர்சாயில் ஹெர்மன் ஹோஃப்டே குழுவினர் கண்டது. அராபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி. இருட்டில் முளைத்தால் வெளிச்சம் தேடி நெடுநெடுவென நீளும், நம் வீட்டுப் பயறு மாதிரி. சில திரிபுச் செடிகள் மட்டும் குட்டையாகவே நின்றன. விருந்தாளியைக் கட்டிலில் கிடத்தி, நீளம் அதிகமென்றால் காலை வெட்டும் கிரேக்கக் கொள்ளையன் ப்ரோக்ரஸ்டஸின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். பழுதான மரபணு செல்லுலோஸ் தயாரிக்கும் நொதிக்குரியது என்று 2000இல் தெரிந்தது. சரி, சுவர் நோஞ்சான், அதனால் வளர முடியவில்லை. யாரும் அப்படித்தானே நினைப்போம்?

2007இல் அதே செடியில் இன்னொரு மரபணுவையும் கெடுத்துப் பார்த்தார்கள். செடி உயர்ந்தது! முழு உயரம் இல்லை, ஆனால் தெளிவாகவே. செல்லுலோஸ் பற்றாக்குறையோ அப்படியே இருந்தது. அதாவது அந்தச் செடியால் வளர முடிந்திருக்கிறது. சுவர் சரியில்லை என்று தெரிந்து செல்தான் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது.

இதைப் படித்தபோது ஒரு ஆன்-கால் இரவு ஞாபகம் வந்தது. சர்வீஸ் நின்றுபோய், ஹார்டுவேர் போச்சு என்று இரண்டு மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால், டிஸ்க்கில் ஏதோ பிழை கண்டு அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனையை முடக்கினேன், ஓடியது. டிஸ்க் என்னவோ சரியாகவில்லை.

அந்த இரண்டாவது மரபணுவுக்கு, கொள்ளையனைக் கொன்ற தீசியஸின் பெயர். அது உருவாக்கும் புரதம் செல் சவ்வை ஊடுருவி நிற்கிறது. சுவர்ப்பக்கம் நீட்டிய முனை, சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதத்தின் சாயலில் இருக்கும். உள்முனை ஒரு கைனேஸ், மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிச் செய்தியைக் கடத்தும். இந்தக் குடும்பத்துக்கே பெயர் தந்தது நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. முதல் உறுப்பினர் கிடைத்தது அதில்தான். தீசியஸைத் தூண்டும் ஒரு குட்டிப் புரதத்தை, ரால்ஃப்34, 2018இல் அடையாளம் கண்டார்கள்.

நல்ல சுவருள்ள செடியிலிருந்து தீசியஸை நீக்கினால்? செடி வழக்கம்போல வளர்கிறது, பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை.