தராசுக்கு அப்பால்

தொழிலில் நேர்மையை எதைக் கொண்டு அளப்பது? இதற்கென நம் முன்னோர் ஒரு பதவியையே ஏற்படுத்தினர். அங்காடியைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்னும் பதவி அது.

அதன் வித்து மதீனத்து அங்காடியிலேயே ஊன்றப்பட்டது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய அண்ணலார், மோசடியை வன்மையாகக் கண்டித்தார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய நூல், முஹ்தஸிபின் பணிகளைத் தொழில்வாரியாக விளக்குகிறது. எடைக்கற்களை அவர் சோதிக்க வேண்டும். பாலில் மயிரிழையைத் தோய்த்தெடுத்துப் பார்க்க வேண்டும். இழையில் பால் ஒட்டாவிடின் அதில் நீர் கலந்திருக்கிறது. மருத்துவர்களிடம் ஹிப்போகிரேட்டஸின் உறுதிமொழியைப் பெற வேண்டும்.

ஆயினும், 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) இவ்வதிகாரத்துக்கு முன்பே எல்லை வகுத்திருந்தார். வெளிப்படும் தீமையைத் தடுப்பதே முஹ்தஸிபின் கடமை. உயிர்ச்சேதம் போன்ற மீட்கவியலாத கேடு நேருமென்றாலன்றி, மறைவானதைத் துருவுதல் கூடாது.

அந்த எல்லைக்கு அப்பால் கணக்குக் கேட்பவர் யார்? மருத்துவரின் உறுதிமொழியை அதிகாரி செவியால் கேட்கலாம். நோயாளியின் அருகே அது காக்கப்படுகிறதா என்பதை அவர் அறியார். அங்கே சாட்சி அல்லாஹ் ஒருவனே. ஆகவே, சோதனையில் தேறிவிட்டோம் என்று நாம் நிறைவடைவதற்கில்லை. சோதிப்பார் இல்லாத வேளையிலும் அமானிதம் பேணுவதே நம் தொழிலின் மெய்யான எடை.