பெரஹெராவின் வரிசை

கண்டி மாநகரிலே எசல மாதத்தில் நடைபெறும் பெரஹெராவை நான் கண்ட இரவு, யானைகளின் அணியே என் கண்ணை நிறைத்தது. தீவட்டிகளிலே கொப்பரை எரியும் மணமும், கசை சொடுக்குவோரின் ஓசையும், முரசங்களின் முழக்கமும் இன்றும் என் நினைவிலே உள்ளன. தலதா மாளிகையின் பெருங்களிறு புனிதப் பேழையைச் சுமந்து சென்றதும், கண்டது போதுமென்று நான் புறப்பட்டேன். அருகில் நின்ற சிங்கள மூதாட்டி ஒருத்தி, "பொறு மகனே, பத்தினித் தெய்வம் இன்னும் வரவில்லையே" என்றாள்.

அச்சொல்லே என்னை வரலாற்றிலே தேட வைத்தது.

மாளிகையின் அணிக்குப் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என நான்கு தேவாலயங்களின் அணிகள் முறையே வருகின்றன. ஆனால் பழைய நாளிலே கண்டியில் இது தேவர்களின் விழாவாகவே இருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிலே சிறையிருந்த இராபர்ட் நாக்ஸ் எழுதிய வருணனையிலே புத்தரின் புனிதத் தந்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அநுராதபுரத்திலே தந்தத்தை உலாக் கொண்டுசென்றதை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீன யாத்திரிகர் பாகியான் குறித்திருக்கிறார். ஆக, இருவேறு விழாக்கள் பிற்காலத்திலே ஒன்றாயின.

ஒன்றாக்கியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747-1782). மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினன் அவன். சயாம் தேசத்துத் துறவியரை 1753ல் வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதையை மீட்டவனும் அவனே. தேவர் விழாவைக் கண்டு அத்துறவியர் மனம் ஒவ்வாராக, தந்தமே முன்செல்க என மன்னன் ஆணையிட்டான் என்பது மரபு.

இங்கே ஒரு செய்தியை மறத்தலாகாது. 1760ல் பிரதானிகளும் பிக்குகள் சிலரும் அவனைக் கொல்லச் சூழ்ந்தனர். அவன் திருநீறு அணிகிறான் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. அயலான் என்று ஐயுறப்பட்ட அரசன் புத்தரை முன்னே வைத்தான். அரசியல் தேவையும் அதிலே இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். எனினும் தேவர்களை அவன் வெளியேற்றவில்லை. பின்னே நடக்கச் செய்தான்.

கடைசியில் வரும் பத்தினி யார்? நம் கண்ணகியே. கயவாகு வேந்தன் இலங்கையிலே அவளுக்கு ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை உரைக்கிறது. எசல என்பதும் ஏறக்குறைய நம் ஆடியே. கயவாகு அவள் சிலம்பைக் கொணர்ந்தான் என்பது சிங்களர் வழக்கு.

அன்றிரவு நான் பொறுத்து நின்றேன். நெடுநேரம் கழித்துப் பத்தினி தேவாலயத்தின் அணி வந்தது. அதிலே பெண்கள் ஆடி வந்தனர். மூதாட்டி கைகுவித்தாள், நானும் குவித்தேன். என்ன மொழியிலே வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.