காலதரும் முற்றமும்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுள் மிகச் சிறியது திரௌபதி ரதம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதனைச் செதுக்கியபோது முன்மாதிரியாகக் கொண்டது அரண்மனையையன்று. கீற்று வேய்ந்த ஒரு குடிசையை. கூரையின் தணிந்த வளைவு அப்படியே கல்லில் நிற்கிறது. அதே வரிசையிலுள்ள பீம ரதத்தின் கூரையோ வண்டிக்கூண்டு போன்றது. அதில் குதிரைலாட வடிவில் ‘கூடு’ எனப்படும் வளைவுகளைக் காணலாம். மரத்தாலும் கீற்றாலும் கட்டிய பழைய மனைகளின் கூரைமுகப்பில் விடப்பட்டிருந்த திறப்பே கல்லில் இவ்வாறு உறைந்தது என்பர் கட்டடக்கலை வரலாற்றாசிரியர். கல்லில் அது வெறும் அலங்காரம். மனையில் அதுவே மூச்சுவிடும் துளையாக இருந்தது.

அத்தகைய திறப்புக்குத் தமிழ் இட்ட பெயர் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. நம் நாவில் இன்று நிலைத்துவிட்ட ‘ஜன்னல்’ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதில் காற்றும் இல்லை, வழியும் இல்லை. அரபு மொழியிலோ காற்றைக் குறிக்கும் ரீஹ், உயிரைக் குறிக்கும் ரூஹ், இளைப்பாறுதலைக் குறிக்கும் ராஹத், விசிறியைக் குறிக்கும் மிர்வஹா ஆகிய யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவர். மின்தடையால் மிர்வஹா நின்றுபோன பிற்பகலாயின் சற்றுக் கூடுதலாகவே.

யூனானி மருத்துவம் உடல்நலத்திற்கு இன்றியமையாதன என ஆறு காரணிகளை வகுத்துள்ளது. அவற்றுள் முதலாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்று. உணவும் பானமும் அதற்குப் பின்னரே. இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் குடியிருப்பைத் தேர்வது பற்றிப் பேசுமிடத்து, வாயில்களும் சாளரங்களும் கிழக்கும் வடக்கும் நோக்கியிருத்தல் நலம் என்றும், கீழ்க்காற்றும் வெயிலும் வீட்டினுள் புக வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். அதே பதினொன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், ஃபுஸ்தாத் நகரின் நெருக்கமான தெருக்களையும் உயர்ந்த கட்டடங்களையும் குளியலறை உலைகளின் புகையையும் கண்டு, அந்நகரின் காற்றே மக்களின் உடலைக் கெடுக்கிறது என எழுதினார்.

ஆயினும் வறண்ட நாட்டு மருத்துவர் கூற்றை ஓதம் மிகுந்த நம் கரைக்கு அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. பாரசீகத்தின் பாத்கீர், கெய்ரோவின் மல்கஃப் போன்ற காற்றுக்கூண்டுகள் பிடித்துத் தரும் காற்றை நீர்ப்பரப்பின் மீதோ ஈரமான பானைகளின் மீதோ செலுத்திக் குளிர்விக்கலாம். கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் அந்த உபாயம் பயன் தராது. இங்கே காற்றே நீரைச் சுமந்து வருகிறது. உடலின் வியர்வையும் சுவரின் ஈரமும் உலர வேண்டுமாயின் காற்று ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று எழுவதைப் பொறுத்தே இக்கரையோரத்தாரின் அன்றைய நிம்மதி அமைகிறது.

இனி, நமக்கு வியப்பளித்த ஒரு செய்தி. மருத்துவர்கள் முதலிடம் தந்த காற்றுக்குச் சட்ட அறிஞர்கள் அந்த இடத்தைத் தரவில்லை. உஸ்மானியப் பேரரசில் ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பின் 1201ஆம் பிரிவைக் காண்க. ஒரு வீட்டின் காற்றையோ வெளிக்காட்சியையோ வெயிலையோ அண்டை வீட்டார் கட்டடம் எழுப்பி மறைத்தால் அது ‘ளரர் ஃபாஹிஷ்’ எனும் மிகைத் தீங்கு ஆகாது. எழுத்தைப் படிக்கவும் இயலாதவாறு வெளிச்சத்தை முற்றாக அடைத்தால் மட்டுமே ஆகும். அடுத்த 1202ஆம் பிரிவோ, சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடங்கள் பிறர் பார்வைக்குத் திறந்து கிடப்பதை மிகைத் தீங்கு என்கிறது. துனிஸ் நகரத்துத் தலைமைக் கட்டடக் கலைஞரான இப்னுர் ராமீ பதினான்காம் நூற்றாண்டில் மாலிகி மத்ஹபின்படி எழுதிய கட்டட விதிகளிலும் இத்தகைய தராசையே காண்கிறோம். குளியலறை உலைப்புகையும் ரொட்டி அடுப்புப்புகையும் அண்டை வீட்டாருக்குத் தீங்கெனத் தடுக்கப்படும். வீட்டுச் சமையற்புகை பொறுத்துக்கொள்ளப்படும்.

காற்றைத் தாழ்த்தி மறைப்பை உயர்த்தினர் என்று அவ்வறிஞர்கள் மீது குறை காண்பது நேர்மையாகாது. வானத்தை நோக்கித் திறந்த முற்றம் ஒன்று வீட்டின் நடுவே இருக்கும் என்பது அவர்கள் சொல்லாமலே கொண்டிருந்த அடிப்படை என்பது நம் கருத்து. தெருப்பக்கம் அடைபட்டாலும் மேலிருந்து காற்று இறங்கும். அதனை எந்த அண்டை வீட்டாரும் எளிதில் பறித்துவிட முடியாது.

காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களின் பழைய வீடுகளுக்குள் சென்றோர் இதனை அறிவர். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே காண விரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குச் செல்லலாம். தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் அங்குள்ளது. அங்குள்ள செட்டிநாட்டு வீட்டின் முற்றத்து ஓரத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலிலுள்ள அறைகளின் காற்று அதன் இடத்தை நிரப்ப நகர்கிறது. நாட்டு ஓடுகளின் இடுக்குகளும் புகையையும் வெப்பத்தையும் வெளியே விட்டன. கிளிஞ்சல் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்தோ ஈரத்தை உள்வாங்கி, வறண்ட வேளையில் வெளிவிடும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வேரூன்றாது. மழைநாளில் முற்றம் நனையும், கூடத்திலும் சாரல் அடிக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காற்றின் வரலாற்றில் இம்மாவட்டத்திற்கு வேறொரு பங்கும் உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் நிறுவினார். திறந்த வெளி, தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அந்நாளைய சிகிச்சை. 1937இல் அரசு அதனை ஏற்றது. ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இன்றும் வாழ்கிறது. பின்னர் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் ஓர் ஆய்வை மேற்கொண்டது. நோயாளிகளுள் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மறுசாராருக்கு நெருக்கமான ஏழை வீடுகளிலேயும் ஒரே மருந்து தரப்பட்டது. 1959இல் வெளியான முடிவு உலகையே திருப்பியது: வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை.

நோயைத் தீர்ப்பது மருந்தே, காற்றன்று என்று அந்த ஆய்வு காட்டியது, அது சரி. ஆனால் மருந்து தொடங்குமுன், நோய் இன்னதென்று தெரியாத நாட்களில், கிருமி அடைத்த அறையின் காற்றில் மிதந்தே பிறரைச் சேர்கிறது. மருந்து வந்தபின் சாளரத்தைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டதைத்தான் நாம் இழப்பாகக் கருதுகிறோம்.

பேச்சு அடங்கிய காலத்திலேயே வீடும் மாறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குப்பங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 200 சதுர அடியிலும், 2011இல் பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடியிலும் கான்கிரீட் கூரை தந்தன. தீயிலும் புயலிலும் கீற்றுக் குடிசையை இழந்தவர் அறிவர் அதன் அருமையை. எனினும் அந்த அளவில் முற்றத்திற்கு இடமேது? நகரத்து அடுக்ககங்களிலும் முற்றம் மறைந்தது. பர்தாவின் தேவை மட்டும் மறையவில்லை. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டது சாளரம்.

நம் தாயார் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த அறையின் ஒரே சாளரம் எதிர்வீட்டு மாடிமுகப்பை நோக்கியிருந்தது. மறைப்புக் கருதி அதனை ஆணியடித்து மூடியவர் நாமே. ஈராண்டில் அச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தது; அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் படர்ந்து கிதாபுகளின் அட்டையையும் தொற்றியது. அந்தியில் சாம்பிராணி, இரவில் கொசுவர்த்திச் சுருள், இரண்டின் புகையும் போக வழியின்றி அங்கேயே தங்கின. அன்னாரின் இருமலுக்கு மருந்து மாற்றிக்கொண்டே இருந்தோமேயன்றிச் சுவரைப் பார்க்கவில்லை. ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகலாம் என 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓதமுள்ள வீட்டில் வசிப்போருக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் மிகும் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் எழுதியது. உறங்குமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்துகிறோம். சுருளின் கனல் அதற்குள் அடங்குமா என்று அந்நாளில் நமக்குத் தோன்றவில்லை.

பிந்தித்தான் மஜல்லாவின் 1203ஆம் பிரிவைக் கருத்தூன்றிப் படித்தோம். ஆளுயரத்திற்கு மேலுள்ள சாளரத்தை மூடும்படி அண்டை வீட்டார் கோர முடியாது. ஏணி வைத்து எட்டிப் பார்க்கக்கூடும் என்ற ஐயம் அதற்குப் போதிய காரணமன்று. மறைப்பும் காற்றும் சந்திக்கும் இடம் அங்கே வரையறுக்கப்பட்டிருந்தது. தட்சிணசித்ராவின் அமைப்பில் பங்குகொண்ட லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களைக் கேரளத்தில் எண்ணற்ற வீடுகளில் கட்டியதும் இதே வழியில்தான். உள்ளிருப்பவர் வெளியே தெரியார், காற்றுக்கோ தடையில்லை.

இப்போது அவ்வறையில் கூரையை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஜாலி வைத்திருக்கிறோம். மேலே மட்டும் திறந்தால் காற்று ஓடாது, கீழிருந்தும் வழி வேண்டும் என்று கொத்தனார் சொன்னதால் எதிர்ப்பக்கக் கதவின் அடியிலும் ஒரு சல்லடை. சுவரில் சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசினோம். ஐப்பசி மழையில் அது மீண்டும் நனைந்தது. தை பிறந்தபோது உலர்ந்திருந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுள்ளோம். கிதாபுகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன.